நின்றுபோன கைகள்

டவுன்லோடு தொண்ணூற்றொன்று. அப்லோடு புள்ளி எட்டு.

தாஜுன்னிசா காலையிலிருந்து பதினான்காவது முறையாக அந்த எண்களைப் பார்த்துவிட்டுத் தாளில் குறித்துக்கொண்டாள். வெளியிலிருந்து வருவதெல்லாம் தடையில்லாமல் வந்தது. இங்கிருந்து வெளியே போகவேண்டியதுதான் போகவில்லை. வேறு ஆபீஸாக இருந்தால் யாரும் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருந்த இந்த ஆபீஸிலிருந்து வெளியே போகவேண்டியவை கைகள்.

காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்கோ பேங்குக்கோ போனால் அங்கிருப்பவர்கள் இவர்களை வீடியோவில் கூப்பிடுவார்கள். டாக்டர் பேசுவதைத் தாஜுன்னிசா சைகையாக்குவாள். எதிர்ப்பக்கத்துக் கைகள் சொல்வதைத் தன் குரலில் சொல்வாள். பள்ளிக்கூடமே போகாமல், வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்ட சைகைகளை மட்டும் வைத்துப் பேசுகிறவர்கள் வந்தால் அவளுக்கே பாதி புரியாது. அப்போது நடுவில் சாய்கிருஷ்ணா உட்காருவான். மதுக்கரைக்காரன், பிறவியிலிருந்தே காது கேட்காதவன். ஊர் ஊராக வேறுபடும் சைகைகளை அவனைப் போல் படிக்கத் தெரிந்த இன்னொருவரை அவள் பார்த்ததில்லை.

நேற்று அப்படித்தான் அவன் நடுவில் உட்கார்ந்திருந்தான். எதிர்ப்பக்கம் ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரி. கட்டிலில் ராசாத்தாள், சென்னிமலையில் போர்வை நெய்கிற பெண், நாற்பது வயதுக்குள். கர்ப்பப்பையில் கட்டி. டாக்டர் இளவேனில் இரண்டு வழிகளைச் சொன்னார். கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம், அல்லது கட்டியை மட்டும் எடுக்கலாம். தாஜுன்னிசா அதைச் சாய்கிருஷ்ணாவுக்குச் சொன்னாள், அவன் ராசாத்தாளுக்குச் சொன்னான். பாதியில் ராசாத்தாள் தலையாட்டினாள். "புரிஞ்சுதுங்களா? எடுத்தறலாமுங்களா?" என்று டாக்டர் கேட்டபோது மறுபடியும் ஆட்டினாள்.

"சரிங்க," என்றாள் தாஜுன்னிசா. கண்ணில் கண்டதைக் குரலாக்குவது அவளுடைய வேலை.

அழைப்பு முடிந்த பிறகுதான் அங்கிருந்த நர்ஸ் போன் செய்தாள். சாய்கிருஷ்ணாவின் படம் அவர்கள் பக்கத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நின்றுவிட்டதாம். நெட் ஸ்லோவாக இருந்ததா என்று கேட்டாள்.

அந்தத் தலையாட்டலைத் தாஜுன்னிசாவுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய அத்தாவும் அம்மாவும் காது கேளாதவர்கள். பேங்க் கவுன்ட்டரிலும் ரேஷன் கடையிலும் அவளுடைய பள்ளிக்கூட வராந்தாவிலும், எதிரில் நிற்பவரின் முகத்தில் சலிப்பு தெரிந்த மறுகணம் அத்தா அப்படித்தான் தலையாட்டுவார். அது சம்மதம் ஆகாது. அந்த இடத்திலிருந்து தன்னை விட்டுவிடும்படி கேட்பது. ஏழு வயதிலேயே அவளுக்கு இது புரிந்திருந்தது. அப்படியிருந்தும் நேற்று அவள் வாய் "சரிங்க" என்றது. இரவெல்லாம் அந்த ஒரு சொல் அவளுக்குள் உருண்டுகொண்டே இருந்தது. ராசாத்தாளின் உடம்பிலிருந்து ஒன்றை வெட்டி எடுக்க அந்தச் சொல் போதும்.

காலையில் டாக்டரைக் கூப்பிட்டு, "நேத்து நான் சொன்ன சரியை எடுத்துக்காதீங்க டாக்டர்," என்றாள்.

டாக்டர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கைநாட்டு வாங்கியாச்சுங்களே மேடம். நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர்," என்றார். அதன்பின் அவராகவே, "சாயந்திரம் அஞ்சு மணிக்கு நேர்ல வந்துருங்க. மறுபடி கேட்டறலாம்," என்றார்.

ஆபீஸை நடத்தும் ராமாமணி, தன் காரிலேயே எல்லோரையும் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஒன்று இருபதுக்கு டாக்டரிடமிருந்து போன் வந்தது. ஐந்து மணிக்கு வேறொரு அவசர கேஸ். மூன்று மணிக்கு, அதுவும் வீடியோவில், பத்து நிமிடம் கொடுக்க முடியும்.

"இன்னைக்கும் நின்னுபோச்சுன்னா?" என்றாள் தாஜுன்னிசா.

"அப்ப நேத்து சொன்னதுதானுங்க. நானும் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

ஈரோட்டுக்குக் காரில் இரண்டு மணி நேரம் ஆகும். செல்போன் டேட்டாவைக் காலையிலேயே முயன்று பார்த்தாயிற்று. அந்த நெரிசலான வீதியில் சாய்கிருஷ்ணாவின் விரல்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. இருக்கும் ஒரே வழி, இந்த இணைப்பை மூன்று மணிக்குள் சரிசெய்வது.

ஒன்றரைக்கு இன்டர்நெட் கம்பெனியிலிருந்து சென்னகேசவன் படியேறி வந்தார். ஐம்பத்தைந்து வயது, முறுக்கிய மீசை, தோளில் ஒரு பெரிய பை. மூச்சு வாங்கிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மணி, மூணு நாள்ல நாலாவது கம்ப்ளைண்டு. எங்க ஆபீஸ்ல உங்க பேரைச் சொன்னாலே ஆளாளுக்கு ஓடி ஒளியறாங்க."

"நீங்க மட்டும் ஏனுங்க ஓடலை?"

"எனக்கு முட்டி வலிங்க."

சாய்கிருஷ்ணா தாஜுன்னிசாவைப் பார்த்து மேலுதட்டுக்கு மேல் இரண்டு விரலால் முறுக்கிக் காட்டினான். சென்னகேசவனுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் அது. "மீசை இன்றைக்கும் தண்ணீர் குடித்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறதா?" என்று அவன் கைகள் கேட்டன.

"என்னங்க சொல்றாரு?"

"தண்ணி வேணுமான்னு கேக்கறாருங்க."

சென்னகேசவன் சுவரில் இருந்த ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிளைப் பிடுங்கி, தன் லேப்டாப்பில் செருகினார். திரையில் வேகம் காட்டும் முள் ஓடியது. தொண்ணூற்றாறு, இருபது.

"பாத்துக்குங்க. லைன் கல்லாட்டம் நிக்குது. கோளாறு உங்கூட்டுக்குள்ளதானுங்க."

"அதெப்படிங்க?" என்றார் ராமாமணி. மூன்று தலைமுறையாகப் பஞ்சு மில் நடத்திய தெலுங்குக் குடும்பம் அவருடையது. ஓடாத எந்தப் பொருளையும் முதலில் துடைத்து எண்ணெய் போடச் சொல்வார். "நேத்தே நானும் தாஜுவும் ஒவ்வொரு கேபிளாப் புடுங்கித் தொடைச்சுச் சொருகினோமுங்க. எண்ணெய் ஒண்ணுதான் ஊத்தலை."

அது உண்மை. நேற்று மாலை எல்லாருடைய போனையும் அணைக்கச் சொல்லி, கேபிள்கள் பிரியும் சுவிட்ச் பெட்டியிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் கழற்றி, தன்னுடையதை மட்டும் விட்டு அவள் சோதித்திருந்தாள். அப்போதும் புள்ளி எட்டுதான். அதனால்தான் லைனில் கோளாறு என்று நிச்சயமாக நம்பினாள். அந்த நம்பிக்கையை இப்போது இந்த மனிதர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை. தப்பான இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது தெரிந்துவிட்டால், அந்த இடத்தை விட்டுவிடலாம்.

"அப்ப நடுவுல இருக்கறது ரவுட்டர் மட்டும்தானுங்களே," என்றாள். "அதை மாத்திப் பாருங்க. உங்க பையில ஒண்ணு இருக்குமே."

"இருக்குதுங்க. ஆனா வேறொருத்தர் ஊட்டுக்குக் கொண்டுபோறதுங்க."

"மூணு மணி வரைக்கும் குடுங்க. அப்புறம் நானே கழட்டிக் குடுத்துடறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பையைத் திறந்தார்.

இரண்டு மணிக்குப் புதிய ரவுட்டர் விளக்கெரிந்தது. தொண்ணூற்று நான்கு, பத்தொன்பது. ராமாமணி கை தட்டினார். சாய்கிருஷ்ணா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களைப் படபடவென்று அசைத்தான். காது கேளாதவர்கள் அப்படித்தான் கைதட்டுவார்கள். சென்னகேசவன் அதைப் பார்த்து, தானும் வெட்கத்தோடு ஒரு கையை அசைத்தார்.

"பழைய பேரு, பாஸ்வேர்டையே வைஃபைக்குப் போட்டுடறேனுங்க. உங்க போனெல்லாம் தானாப் புடிச்சுக்கும். ஒவ்வொண்ணாத் திரும்பப் போட வேண்டியதில்லை பாருங்க," என்று சொல்லி அதையும் செய்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தாஜுன்னிசா மறுபடி சோதித்தாள். ஓடுகிறதைத் திரும்பத் திரும்பச் சோதிப்பானேன் என்று ராமாமணி சிரித்தார். முள் ஏறியது, தயங்கியது, இறங்கியது. ஒன்று புள்ளி ஒன்று.

தாஜுன்னிசா படிக்கட்டுக்கு ஓடினாள்.

"அண்ணா! மேல வாங்க!"

"அய்யோ, முட்டிங்க," என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஆனாலும் ஏறிவந்தார்.

மணி இரண்டு பதினேழு. தாஜுன்னிசா எண்கள் குறித்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புதிய பெட்டியை வைத்ததும் ஓடியது. கால் மணி நேரம் ஓடியது. பிறகு நின்றது. நடுவில் செய்த காரியம் ஒன்றே ஒன்று.

"அந்தப் பேரைப் போட்ட பின்னாடிதான் நின்னுச்சு," என்றாள். "பழைய பேரைத் தெரிஞ்ச ஏதோ ஒண்ணு வைஃபை வழியா உள்ள வந்திருக்குது. நேத்து நான் கேபிளைத்தானே கழட்டினேன். வைஃபைல இருக்கறதெல்லாம் போன்தான்னு நெனைச்சுட்டேன்."

சென்னகேசவன் லேப்டாப்பைத் திறந்து ரவுட்டரின் பட்டியலைப் பார்த்தார். "கேபிள்ல நாலு. எல்லாம் உங்களுது. வைஃபைல உங்க போன் போக இன்னொண்ணு இருக்குதுங்க. பேரில்லை, வெறும் நம்பரு. அப்லோடு பூராவும் அதுதானுங்க குடிக்குது."

"கீழ்க்கடைக்காரன்தான்," ராமாமணி எழுந்தேவிட்டார். "நாள் முழுக்கப் பொடவையை விரிச்சு விரிச்சு வீடியோப் போடறான். எம்பாஸ்வேர்டுலயா போடறான்? இருங்க, கேட்டுப்போட்டு வாரேன்."

"மேடம், ஒரு நிமிஷம் இருங்க. யாரும் பேசாதீங்க. சென்னகேசவண்ணா, அந்த ஏசியை நிறுத்துங்க. ஃபேனையும்."

அவள் வளர்ந்த வீட்டில் காது கேட்கும் ஆள் அவள் ஒருத்திதான். குழாய் மூடாமல் ஓடினால், குக்கர் விசில் அடித்தால், தொட்டி நிறைந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், அதைக் கேட்கவேண்டியவள் அவள். தூக்கத்திலும் ஒரு காது வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று நாளாக இரவும் பகலும் ஒன்று இந்த ஆபீஸிலிருந்து எதையோ வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்றால், அது சும்மா இருக்காது. இரையும்.

ஏசி நின்றது. ஃபேன் மெதுவாகி நின்றது. வீதியில் ஒரு ஆட்டோ கடந்துபோனது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் அவள் அசையாமல் நின்றாள். சாய்கிருஷ்ணா எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். என்ன என்று அவன் கேட்டதற்கு, பொறு என்று உள்ளங்கையைக் காட்டினாள்.

உள்ளறையிலிருந்து அது வந்தது. மெல்லிய, விடாத இரைச்சல்.

சாமான்கள் போட்டிருக்கும் அறை அது. மேசைக்கடியில், தூசுக்காகத் துணி போர்த்திய ஒரு பழைய கம்ப்யூட்டர். போன வருடம் இடி விழுந்ததில் அதில் கேபிள் செருகும் துளை பழுதாகிவிட்டது. யாரோ அதன் பின்னால் விரல் நகமளவுக்கு ஒரு வைஃபை துண்டைச் செருகியிருந்தார்கள். உள்ளிருக்கும் காற்றாடி மூச்சிரைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. தாஜுன்னிசா திரையை உயிர்ப்பித்தாள். 'ஊர்க் கைகள்' என்ற கோப்புறை. மூவாயிரத்து நாற்பது வீடியோக்கள் இணையச் சேமிப்புக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. மீதமுள்ள நேரம்: நான்கு நாட்கள்.

அந்தக் கோப்புறை அவளுக்குத் தெரியும். எட்டு வருடமாகச் சாய்கிருஷ்ணா ஊர் ஊராகப் போய், அங்குள்ளவர்கள் சம்மதத்தோடு, சோறு, வலி, மாமியார், தறி, பயம் என்பதற்கெல்லாம் அவர்கள் என்ன சைகை செய்கிறார்கள் என்று எடுத்துவைத்த வீடியோக்கள்.

அவன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். திரையைப் படித்தான்.

"நான் எதையும் ஏற்றவில்லை," என்றன அவன் கைகள். "வெளிச்சம்தான் கூட்டினேன்."

"எதற்கு?"

"சனிக்கிழமை ராசாத்தாளின் கேஸ் வந்ததும் சென்னிமலை வீடியோக்களைப் பார்த்தோமே. இருட்டாக இருக்கிறது, விரல் தெரியவில்லை என்று நீ சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை வந்தேன். அதை மட்டும் செய்வானேன் என்று எல்லாவற்றையும் செய்தேன். மொத்தமாக."

வெளிச்சம் கூட்டிய ஒவ்வொரு வீடியோவும் கம்ப்யூட்டருக்குப் புதிய வீடியோ. அது தானாகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றத் தொடங்கிவிட்டது. தாஜுன்னிசா அதைச் சொன்னாள். அவன் குனிந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். அது அதிர்ந்துகொண்டிருந்தது. கையை எடுக்காமலே சற்று நேரம் குனிந்தபடி இருந்தான்.

நிமிர்ந்தபோது அவன் கைகள் மெதுவாகச் சொன்னன. "அவளைப் புரிந்துகொள்ளத்தான் செய்தேன். அவள் தலையாட்டியது என்னாலா?"

ஆறுதல் சொல்ல அவளிடம் நேரம் இல்லை. ஆறுதலும் இல்லை. "தலையாட்டியதைச் சரி என்று சொன்னது என் வாய்," என்றாள். "அதையெல்லாம் நாலு மணிக்கு மேல் பேசுவோம். இப்போது மணி இரண்டு நாற்பது. போய் முகம் கழுவிக்கொண்டு வா. உன் கை நடுங்கினால் அவள் பயப்படுவாள்."

அவன் போனான். அவள் ஏற்றத்தை நிறுத்தினாள். காற்றாடி தணிந்தது. வெளியிலிருந்து சென்னகேசவனின் குரல் கேட்டது. "தொண்ணூத்தி மூணு, பத்தொம்போது! அம்மணி, அசையாம நிக்குதுங்க!" வந்தவர் உள்ளறையை எட்டிப்பார்த்தார். "ஊட்டுக்குள்ளதான்னு சொன்னனுங்களா இல்லீங்களா?"

"சொன்னீங்க."

"அப்ப மூணு மணிக்கு நான் ரவுட்டரைக் கழட்டிக்கட்டுங்களா?"

"மூணே காலுக்குக் கழட்டிக்குங்க."

அவர் சிரித்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். ராமாமணி எல்லோருடைய போன்களையும் வாங்கித் தானே அணைத்தார்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் திரையில் ராசாத்தாள் தெரிந்தாள். பக்கத்தில் டாக்டர் இளவேனில், பச்சை உடையில், கையில் நேற்றைய தாள்களோடு. சாய்கிருஷ்ணா கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தான். கேமராவின் பார்வைக்கு வெளியே, அவனுக்கு எதிரே தாஜுன்னிசா.

"வணக்கங்க. சீக்கிரம் ஆரம்பிச்சறலாமுங்களா?" என்றார் டாக்டர்.

ராசாத்தாள் அவரைப் பார்க்கவில்லை. சாய்கிருஷ்ணாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு திரைக்கு அருகே வந்து, தன் புருவத்தை நெரித்து, ஒரு கையை மார்புக்கு நேரே தூக்கி, அப்படியே சிலைபோல் நிறுத்திக் காட்டினாள். விரல்கள் பாதி மடங்கியிருந்தன. நேற்று அவன் படம் எப்படி நின்றதோ, அப்படியே. அதன்பின் தன் நெஞ்சைத் தொட்டு, உள்ளங்கைகளை விரித்தாள்.

சாய்கிருஷ்ணா தாஜுன்னிசாவின் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தான். இடையில் ஒருமுறை நிறுத்தி, ராசாத்தாளிடம் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டான்.

தாஜுன்னிசா குரல் கொடுத்தாள். "நேத்து இவரு பேசிட்டே இருந்தாரு. திடீர்னு கையை நிறுத்திட்டு என்னையே மொறைச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம். நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியலைங்க. இவரு கோவமா இருக்காருன்னு தலையாட்டினேன். எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க."

டாக்டர் தாள்களைப் பார்த்தார். கட்டிலுக்கு அருகில் ஏதோ கருவி டிக் டிக்கென்று ஒலித்தது. தாஜுன்னிசாவின் வாயில் சமாதானம் சொல்ல ஒரு நூறு சொற்கள் வந்தன. எதையும் சொல்லவில்லை. அந்த மௌனம் டாக்டருடையது. அதை அவரே முடிக்கட்டும் என்று விட்டாள்.

இளவேனில் தாள்களைக் கட்டிலின் மேல் கவிழ்த்து வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு ராசாத்தாளுக்கு எதிரே உட்கார்ந்தார். "மொதல்ல இருந்து சொல்றேனுங்க. பத்து நிமிஷம்னு சொன்னதை விடுங்க."

சொன்னார். தாஜுன்னிசாவின் கைகளிலிருந்து சாய்கிருஷ்ணாவின் கைகளுக்குப் போய், அங்கிருந்து சென்னிமலையின் கைகளாக அது மாறியது. அவன் வயிற்றின் மேல் ஒரு பை வரைந்தான். அதற்குள் மூன்று விரல் சேர்த்து ஒரு கட்டி வைத்தான். கட்டியை மட்டும் எடுத்து வைத்தான். பிறகு பையோடு எடுத்து வைத்தான். ஒவ்வொரு முறையும் கைகளை மடியில் போட்டுவிட்டுக் காத்திருந்தான். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

ராசாத்தாள் தலையாட்டவில்லை. கேட்டாள்.

கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வருமா?

"வரலாமுங்க. வராமலும் இருக்கலாம்."

பையை எடுத்தால் எத்தனை நாள் தறியில் கால் வைக்கக் கூடாது?

"ஆறு வாரம். கட்டி மட்டும்னாலும் ஒரு மாசமாவது ஆகுமுங்க."

ராசாத்தாள் தன் வயிற்றைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மணி மூன்று பன்னிரண்டு, மூன்று பதினாலு. சென்னகேசவன் சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தன் தோள்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டவர், மறுபடி கீழே வைத்தார்.

பிறகு ராசாத்தாளின் கைகள் உறுதியாக எழுந்தன. தாஜுன்னிசா அவளுடைய குரலானாள். "நாளைக்கு வேண்டாங்க. எந்தங்கச்சி வரட்டும். நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசிப்போட்டு எதுன்னு சொல்றோம்."

"ரத்தம் கொறைவா இருக்குதுங்க. ரொம்பத் தள்ளக் கூடாது. ஒரு வாரம். அடுத்த புதன்கிழமை இதே மூணு மணிக்கு எங்கிட்டச் சொல்லிருங்க."

"புதன்கிழமை முடியாதுங்க. தறிக்குப் பாவு நூல் போடற நாளு, ஆளு வந்துருவாங்க. வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை எனக்குத் தியேட்டர் இருக்குதுங்களே."

"தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி."

டாக்டர் சிரித்தார். போனை எடுத்துத் தேதிகளைத் தள்ளிப் பார்த்தார். "சரி. வியாழக்கிழமை, காலைல பத்து மணி. நீங்க நேர்ல வாங்க, இவங்களும் வீடியோவுல வரட்டும்."

தாஜுன்னிசா அதைச் சொன்னாள், சாய்கிருஷ்ணா சொன்னான். ராசாத்தாள் பத்து விரல்களையும் விரித்து டாக்டருக்குக் காட்டினாள். டாக்டரும் தாள்களைக் கீழே வைத்துவிட்டுப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டிய பிறகுதான் அவள் திரையை விட்டுத் திரும்பினாள்.